முன்கூடத்துக் கதிரை

கொட்டாஞ்சேனை,
10.11.1957

அன்புத் தங்கச்சி இன்பமலருக்கு,

அண்ணன் பேணாட் எழுதுவது. எனக்குக் காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை. நடந்து நடந்து கால்தான் வீங்கியிருக்கிறது. அம்மாவின் இருமல் எப்படி? மழை தொடங்கினால் அவரை விடியற்பூசைக்குப் போக விடாதே.

மூன்று கிழமைக்குள் வேலை கேட்டுப் பதினொரு கந்தோர் ஏறி இறங்கிவிட்டேன். எங்கும் ஒரே கதைதான். முதலில் கதிரை காட்டுவார்கள். திருகோணமலையில் கடற்படைக்குச் சாமான் கொடுத்த கொந்தராத்துக் கம்பனியில் ஒன்பது வருசம் களஞ்சியக் கிளாக்கர் என்றால் தலையாட்டுவார்கள். வெள்ளைக்காரர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போக, கம்பனியும் மூடிப்போனது எல்லாருக்கும் தெரியும். பிறகு கம்பனி தந்த கடிதத்தை நீட்டுவேன். 'தொழிலாளரைத் தூண்டிக் குழப்பம் செய்தவர்' என்ற கடைசி வரிக்குக் கண் போனதும் முகம் மாறும். எங்களோடு வேலை செய்த ஜமால்தீனின் கால் பெட்டிக்குக் கீழே நசுங்கிய பிறகு, பாரம் தூக்க நல்ல கப்பி தாருங்கள் என்று நாற்பது பேர் இரண்டு நாள் வாசலில் இருந்தோம். நான் செய்த குழப்பம் அவ்வளவுதான்.

இனி உன் விஷயம். நீ ஏதோ புதுக் கந்தோருக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாக, என்னோடு கம்பனியில் வேலை செய்த தவராசா எழுதியிருக்கிறான். நான் றெயில் ஏறும்போது நீ பக்கத்தில்தான் நின்றாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊரில் ஆம்பிளைகளே வேலை இல்லாமல் கடற்கரையில் குந்தியிருக்கும்போது உனக்கு யார் வேலை தரப் போகிறார்கள், எதற்காகத் தரப் போகிறார்கள் என்பதை யோசித்தாயா? நீ வேலை செய்த பிறக்டரின் சட்டக் கந்தோர் பூட்டியது பூட்டியதுதான். எனக்கு ஒன்று சரிவரும்வரை நீ வீட்டோடு இரு.

அம்மாவுக்கு என் முத்தம். தேவமாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அண்ணன்,
பேணாட்


திருகோணமலை,
19.11.1957

என் அன்பான அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. உங்கள் கடிதம் நனையாமல் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு இருமல் குறைவு. கொத்தமல்லி அவித்துக் கொடுக்கிறேன். நீங்கள் இருக்கிற இடத்தில் வெந்நீர் கேட்டு வாங்கிக் காலை அதில் வையுங்கள்.

விண்ணப்பம் போட்டது உண்மை. நீங்கள் வேண்டாம் என்பீர்கள் என்றுதான் சொல்லவில்லை. உட்துறைமுகத்துக்குக் கிட்டத் திறக்கப்போகும் கப்பல் முகவர் கந்தோர் அது. முன்கூடத்தில் இருந்து, வருகிறவர்களோடு பேசி, கப்பல் வரும் நாள் போகும் நாள் சொல்லி, கடிதமும் தட்டச்சுச் செய்ய வேண்டும்.

பிறக்டரிடம் ஆறு வருசம் பின்னறையில் இருந்தேன், அண்ணா. காணி உறுதி எழுதுவதில் நான் ஒரு பிழை விட்டதாக யாரும் சொன்னதில்லை. முன்னறைக்கு ஆள் தேவைப்பட்டபோது நேற்று வந்த பிள்ளையைக் கொண்டுபோய் இருத்தினார். ஏன் என்று கேட்டேன். "நீர் நல்ல வேலைக்காரிதான். ஆனால் உம்மை முன்னுக்கு இருத்தினால் வாற சனம் செத்த வீடெண்டு நினைச்சுப் போடும்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார். இதை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் சொல்லவில்லை.

அதனால் இந்த முறை நஜ்முன் நிஸாவிடம் போயிருக்கிறேன். என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கடற்படை ஒபிசர்மாரின் மனைவிமாருக்குச் சட்டை தைத்தவள் என்று உங்களுக்கும் தெரியும். தன் ஊருக்குப் போகும்போது ஒரு வெள்ளைக்கார நோனா விட்டுப்போன ஆளுயரக் கண்ணாடி அவள் வீட்டில் இருக்கிறது. அதன் முன்னால் என்னை நிறுத்தி, "நீ உள்ளுக்கு வரக்குள்ளயே மன்னிப்புக் கேக்கிற மாதிரி வாறாய் மலர். முதல்ல அத நிப்பாட்டு. சட்டைய பிறகு பாப்பம்" என்றாள்.

கோபிக்க வேண்டாம். அடுத்த மாதம் நேர்முகம். எனக்காக ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லுங்கள்.

அன்புத் தங்கச்சி,
இன்பமலர்


கொட்டாஞ்சேனை,
27.11.1957

தங்கச்சி இன்பமலருக்கு,

நான் சுகம். கால் வீக்கம் வற்றிவிட்டது. அம்மாவுக்கு மருந்தை நேரத்துக்குக் கொடு.

உன் கடிதத்தை ஆறுதலாக வாசித்தேன். அதற்கு மறுநாள் தவராசாவின் கடிதமும் வந்தது. நீ எழுதாததை அவன் எழுதியிருக்கிறான். கிழமையில் மூன்று நாள் நஜ்முன் நிஸா வீட்டுக்குப் போகிறாயாம். மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறாயாம். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டுகிற தலையை இப்போது காதுக்கு மேலால் தளர்த்தி வாரி, கழுத்தில் கொண்டை போடுகிறாயாம். படம் பிடிக்கிற கடையிலிருந்து நீ இறங்கியபோது அவன் சைக்கிளை நிறுத்தியும் நீதான் என்று மட்டுக்கட்ட நேரமெடுத்ததாம்.

ஒரு சட்டை தைக்க மூன்று கிழமை செல்லுமா? நேர்முகத்துக்கு ஆங்கிலமும் தட்டச்சும் போதாதா? ஒரு பெண் முப்பத்திரண்டு வயதில் திடீரென்று தலைவாரும் விதத்தை மாற்றினால் ஊர் என்ன நினைக்கும் என்பது உனக்குத் தெரியாததல்ல. நானும் அதைத்தான் நினைக்கிறேன். யார் அவன்? நல்ல குடும்பமென்றால் மறைக்கத் தேவையில்லை. மறைக்கிறாய் என்றால் அவனுக்குக் குடும்பம் இருக்கிறது.

நான் அப்பாவின் இடத்தில் நின்று கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுது.

உன் அண்ணன்,
பேணாட்


திருகோணமலை,
14.12.1957

அண்ணாவுக்கு,

உங்கள் உடம்பு சுகமானது கேட்டு அம்மாவும் நானும் ஆறுதலடைந்தோம். இங்கே விடாத மழை. டச்சுக்குடாப் பக்கம் கடல் றோட்டுவரை வருகிறது. அம்மா குசினிக்குள் அடுப்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறார்.

அப்படி ஒருவரும் இல்லை. அம்மாவின் தலையில் கைவைத்துச் சொல்கிறேன்.

கண்ணாடி போட்டது ஆசுப்பத்திரியில் கண் பார்த்த பிறகு. இவ்வளவு காலமும் தூரத்து எழுத்துக்குக் கண்ணைச் சுருக்கியிருக்கிறேன். எதிரில் நின்றவர்கள் நான் சினக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள். அழுக்குத் தெரியாது என்று சாம்பல் நிறச் சீலையே கட்டினேன். நஜ்முன் நிஸா அதை உரிந்து போட்டுவிட்டு, நாவல்பழ நிறத்தை என் தோளில் போட்டாள். என் கழுத்து அவ்வளவு நீளமென்று அன்றுதான் கண்டேன். அம்மாவின் பழைய சட்டையைப் பிடித்துத் தைத்ததில் எனக்குத் தோளே இருக்கவில்லை. அவள் தைத்த சட்டையில் கையைத் தூக்கினாலும் ஒன்றும் இழுபடவில்லை. அதைப் போட்டுக்கொண்டு கூன முடியாது, அண்ணா. நிமிர்ந்துதான் ஆகவேண்டும். பிறகு குரல். நான் வசனத்தை முடிக்காமல் விழுங்குவதாகச் சொல்லி, அவள் தையல் இயந்திரத்தை ஓட்ட ஓட்ட, அந்தச் சத்தத்துக்கு மேலால் கப்பற் பெயர்களை வாசிக்க வைத்தாள். மூன்று கிழமை அதற்குத்தான் சென்றது.

இப்போது செய்தி. நேர்முகம் இந்தத் திங்கட்கிழமை நடந்தது. நேற்றுக் கடிதம் வந்தது. என்னை எடுத்திருக்கிறார்கள். ஜனவரி முதலாம் கிழமை தொடக்கம். மனேஜர் இரத்தினசிங்கம் என்பவர், வயதானவர், பேரப்பிள்ளைகள் உள்ளவர், ஆகவே தவராசா சைக்கிளை நிறுத்த வேண்டியதில்லை. அவர்கள் பலதும் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னேன்.

அம்மா அழுதார், சந்தோசத்தில். நீங்களும் சந்தோசப்படுவீர்கள் என்று நம்புகிறேன். பாலன் பிறப்பின் வாழ்த்துக்கள்.

தங்கச்சி,
இன்பமலர்


கொட்டாஞ்சேனை,
6.1.1958

அன்புத் தங்கச்சிக்கு,

வெள்ளத்தில் பாதை அறுந்ததால் உன் கடிதம் நத்தார்த் திருநாள் கழிந்துதான் வந்தது. அதுவரைக்கும் பேப்பரில் வெள்ளச் செய்தியைத் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? அம்மாவுக்கு ஒன்றுமில்லையே?

வேலை கிடைத்தது நல்லது. மனதாரச் சொல்கிறேன். இங்கே நான் இன்னும் படியேறுகிறேன்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. நீ சொல்வதுபோலச் சட்டையும் கொண்டையும் செய்த வேலை என்றே வைத்துக்கொள்வோம். அந்த நேர்முகத்துக்கு அறுபது பேர் வந்ததாகத் தவராசா சொல்கிறான். கொந்தராத்துக் கம்பனியின் களஞ்சியமும் பெயர்ப் பட்டியலும் அந்தக் கந்தோரின் கைக்குத்தான் போயிருக்கின்றன. அங்கே நின்ற தவராசாவைப் பெயர் கேட்டதுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவனும் என்னோடு வாசலில் இருந்தவன்தானே. அப்படியிருக்க, நீயும் என்னைப் போலத் தம்பிராசாவின் பிள்ளை, அதே வீடு, அதே ஒழுங்கை, உன்னை எப்படி விட்டார்கள்?

என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

அண்ணன்,
பேணாட்


திருகோணமலை,
20.1.1958

அன்புள்ள அண்ணாவுக்கு,

தண்ணீர் வாசற்படியோடு நின்றுவிட்டது. அம்மா நல்ல சுகம். நீங்கள் மெலிந்திருப்பீர்கள் என்ற கவலைதான். சாப்பாடு எப்படி? சோறு தருகிறார்களா, பாணோடு விடுகிறார்களா?

வேலைக்குப் போய் இரண்டு கிழமை. கூடம் பெரியது. என் மேசை கதவுக்கு நேரே. கடற்காற்றில் கடதாசி பறக்கும் என்பதால் சிப்பிகளைப் பாரமாக வைத்திருக்கிறேன். முதல் நாள் ஒரு கப்பற் கப்டன் வந்து, என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்து, "இங்கே பொறுப்பானவர் யார்?" என்று கேட்டார். "என்னிடம் சொல்லலாம்" என்றேன். வசனத்தை முடித்தேன், அண்ணா. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் நெல் வியாபாரிகள் வருவார்கள். பிறக்டர் கந்தோரில் என்னைக் காணாத அதே மனிதர்கள் இப்போது "மிஸ்ஸிட்டக் கேளுங்கோ" என்கிறார்கள். இதெல்லாம் உங்களுக்குச் சிறிய விஷயமாகத் தெரியலாம்.

நானும் ஒன்று கேட்க வேண்டும். தவராசாவுக்கு என்னைப் பார்த்துக்கொண்டு திரிகிற வேலையை யார் கொடுத்தது? நேற்றும் எதிர்ப் பக்கத்துத் தேநீர்க் கடையில் இருந்து எங்கள் கதவையே பார்த்தார். அவர் கேட்டுப் போன இடம் எனக்குக் கிடைத்ததில் அவருக்கு என்ன மனம் என்று எனக்குத் தெரியாது. அவர் எழுதுவதை நீங்கள் அப்படியே விழுங்குவது ஏன்?

அம்மா உங்களுக்குப் பருத்தித் துணியில் ஒரு பெனியன் தைத்து வைத்திருக்கிறார். ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

தங்கச்சி,
இன்பமலர்


கொட்டாஞ்சேனை,
2.2.1958

இன்பமலருக்கு,

சுகம். சோறு தருகிறார்கள்.

உன் கடிதம் இரண்டு பக்கம். கப்டனின் தொப்பி வந்தது; சிப்பி வந்தது; என் கேள்விக்குப் பதில் வரவில்லை. நீ சின்ன வயதிலேயே அப்படித்தான். பொய் சொல்ல மாட்டாய். வேறு எதையாவது அதிகம் சொல்லுவாய்.

தவராசா பொறாமைக்காரனாகவே இருக்கட்டும். அவன் கண் பொய் சொல்லாது. உன் மேசையில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர் இருக்கிறதாம். 'மிஸ் மேரி ஜோசப்'. யார் அவள்? உன் ஞானஸ்நானப் பெயர் மேரி என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் ஞானஸ்நானப் பெயர் ஜோசப் என்பதும் தெரியும். பள்ளிக்கூடத்திலும் பிறக்டரிடமும் இன்பமலர் தம்பிராசாவாக இருந்தவள், இந்த ஒரு கந்தோரில் மட்டும் ஏன் மேரி ஜோசப் ஆனாள்?

சட்டையை மாற்றினாய், சரி. தலையை மாற்றினாய், சரி. பெயரை மாற்றச் சொன்னதும் நஜ்முன் நிஸாவா?

பேணாட்


திருகோணமலை,
9.2.1958

அண்ணாவுக்கு,

இங்கே யாவரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

கப்பற்காரருக்கு இன்பமலர் என்று சொல்ல வாய் வராது. அதனால் சுருக்கமான பெயர். அவ்வளவுதான்.

கந்தோரில் இந்த மாதமும் அடுத்த மாதமும் கப்பல்கள் கூட. எனக்கு ஓய்வு இல்லை. நீங்கள் பெரிய வெள்ளிக்கு முன் வர நினைத்திருந்தால் வேண்டாம். உயிர்த்த ஞாயிறுக்கு ஆறுதலாக வாருங்கள். வருமுன் அறிவியுங்கள். கந்தோர்ப் பக்கம் வரவேண்டாம். நான் வந்து றெயிலடியில் சந்திப்பேன்.

தங்கச்சி


கொட்டாஞ்சேனை,
16.3.1958

மிஸ் மேரி ஜோசப் அவர்களுக்கு,

தாங்கள் சுகமாக இருப்பதை நேரில் கண்டேன். என் சுகம் விசாரிக்கத் தேவையில்லை.

நீ வரவேண்டாம் என்று எழுதினாய். அதனால்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை காலை றெயிலால் இறங்கி நேரே உன் கந்தோருக்கு வந்தேன். ஒரு ஆம்பிளையைக் காண்பேன் என்று வந்தேன். உள்ளதைச் சொல்லுகிறேன், அவனை அடிக்கவும் நினைத்தேன். படியில் நின்று முதலில் உன்னைப் பார்த்தேன். தவராசா சொன்னது சரி, மட்டுக்கட்ட நேரமெடுத்தது. நிமிர்ந்து இருந்தாய். ஒரு வெள்ளைக்காரனுக்குக் கடதாசியில் விரலை வைத்து ஏதோ விளங்கப்படுத்தினாய். அவன் சொல்லுக்குச் சொல் தலையாட்டினான். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு உள்ளே வந்தேன். நீ என்னைக் கண்டாய். கண்டது எனக்குத் தெரியும். உன் பின்னால் நரைத்த தலை ஆள் ஒருவர் நின்றார். நீ சொன்னாய்: "சொல்லுங்கோ, உங்களுக்கு என்ன வேணும்?"

உன்னைத் தோளில் வைத்துத் திருவிழாப் பார்க்கக் கொண்டுபோனவனிடம் கேட்டாய். நான், "ஒண்டுமில்லை மிஸ், இடம் மாறி வந்திட்டன்" என்றேன். நீ தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினாய்.

வீட்டுக்குப் போகவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தால் சொல்லிவிடுவேன். அடுத்த றெயிலில் திரும்பிவிட்டேன். இரண்டு நாள் போட்ட சேட்டோடு வந்தது என் பிழைதான். உன் கூடத்துக்கு அது பொருந்தாது. ஆம்பிளை ஒருவனும் இல்லை என்பதை இப்போது நம்புகிறேன். இருந்திருந்தால் இதைவிட நல்லது.

பேணாட்


திருகோணமலை,
21.3.1958

என் அண்ணாவுக்கு,

அம்மா சுகம். நீங்கள் வந்துபோனது அவருக்குத் தெரியாது. நீங்கள் சாப்பிட்டீர்களா, கடிதம் எழுதிய அன்று என்ன நிலையில் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதும் தெரியாது. ஆனால் கேட்கிறேன்.

உங்கள் சேட் அல்ல காரணம். என்னிடம் வேறெதையும் நம்ப வேண்டாம், இதை மட்டும் நம்புங்கள்.

நேர்முகத்தன்று மேசையில் ஒரு பட்டியல் இருந்தது. கொந்தராத்துக் கம்பனிப் பெயர்கள். உங்கள் பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு. இரத்தினசிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே, "பேணாட் தம்பிராசா எண்டு ஒராள் உங்கட பக்கத்தில இருந்தவர். உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார். "இல்லை, சேர்" என்றேன். "சொந்தமில்லையோ?" என்றார். "இல்லை" என்றேன். குரல் நடுங்கவில்லை. வசனத்தை விழுங்கவும் இல்லை. நஜ்முன் நிஸா பழக்கியதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்கு உதவியது.

விண்ணப்பத்தில் மேரி ஜோசப் என்று எழுதியபோதே இந்தக் கேள்வி வருமென்று எனக்குத் தெரியும். உங்களையும் அம்மாவையும் உழைத்துக் காப்பாற்றத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்கு அந்தக் கதிரை வேண்டியிருந்தது. ஆறு வருசம் சுவரைப் பார்த்து இருந்தவளுக்கு அது எவ்வளவு வேண்டியிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேர்முக அறைக்குள் இரண்டு தரம், மேசையில் மூன்றாம் தரம் உங்களை மறுத்தேன். இந்தத் தபசு காலத்தில் கோயிலில், ஆண்டவரைத் தெரியாதென்று சீடர் மூன்று தரம் மறுதலித்ததை வாசிப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குக் கோயிலுக்குள் இருக்க முடியவில்லை.

சனிக்கிழமை நஜ்முன் நிஸாவிடம் போய்ச் சொன்னேன். அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நான் உனக்குச் சட்டைதான் தச்சுத் தந்த. புது முகம் தச்சுத் தரல்ல" என்றாள். பிறகு திரும்பவும் தைக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை மனேஜரின் அறைக்குப் போனேன். "பேணாட் தம்பிராசா என்ர சொந்த அண்ணன். நேர்முகத்தில நான் பொய் சொன்னனான்" என்றேன். வேலை போய்விடும் என்று நினைத்துத்தான் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு முதலே தெரியும். இரண்டு பேற்ற விலாசமும் ஒண்டு."

"அப்ப ஏன் என்னை எடுத்தனீங்கள்?"

"அந்தப் பொய்யைச் சொல்லேக்க உம்மட முகம் மாறேல்லை. பிந்திற கப்பல் பிந்தாது எண்டு சொல்ல அப்படி ஒராள்தான் முன்னுக்கு வேணும்."

அண்ணா, என்னுடைய நாவல்பழச் சீலைக்காகவும் தெளிவான குரலுக்காகவும் என்னை எடுத்தார்கள் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அவருக்கு அவை பிடித்திருந்தன, உண்மை. அவற்றுக்குப் பின்னால் நல்ல பொய்க்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பதால் பிடித்திருந்தன. எனக்கு அங்கேயே இருந்து அழவேண்டும் போல் வந்தது. ஆனால் கூனவில்லை. கூனினால் திரும்பவும் பின்னறைதான் என்று தெரிந்தது. சொன்னேன்: "நான் இன்பமலர் தம்பிராசா. பலகையில அதை எழுதுங்கோ. பிந்திற கப்பலைப் பிந்தும் எண்டுதான் சொல்லுவன். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, போறன்."

துடைத்த கண்ணாடியைத் திரும்பப் போட்டார். "உயிர்த்த ஞாயிறு கழியட்டும், பாப்பம்" என்றார். பலகை இன்னும் மேரி ஜோசப்தான்.

இதற்கு நீங்கள் பதில் எழுதாவிட்டால் அது நியாயம்தான்.

இன்பமலர்


கொட்டாஞ்சேனை,
3.4.1958

தங்கச்சி இன்பமலருக்கு,

நான் சுகம். அன்றைக்குச் சாப்பிடவில்லை; மறுநாள் சாப்பிட்டேன்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். மூன்று தரமும் கோபம்தான் வந்தது. நாலாம் தரம் உன் மேலிருந்த கோபம் அந்த மனேஜரின் மேல் திரும்பியது. இரண்டு விலாசமும் ஒன்றென்று முதலே தெரிந்தவன் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டான்? உன் வாயால் ஒரு பொய்யை வாங்கி வைத்துக்கொள்ளத்தான். என்றைக்காவது நீ முரண்டு பிடித்தால் அதை எடுத்து நீட்டலாம் என்று. நீயே போய்ச் சொன்னதால் அவன் கையில் இருந்தது போயிற்று. 'பாப்பம்' என்று சொன்னது அதனால்தான். கவனம்.

எனக்கு ஒரு அச்சகத்தில் கடதாசிக் களஞ்சியத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கம்பனிக் கடிதத்தின் கடைசி வரியை வாசித்துவிட்டு, நான் நடந்ததைச் சொன்னதும், "கப்பி தந்தவங்களா?" என்று முதலாளி கேட்டார். இல்லை என்றேன். திங்கட்கிழமை வரச் சொன்னார். ஆகவே திருநாளுக்கு வர முடியாது.

உன்னை முழுவதாக நம்புகிறேன் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் எதிர்பார்க்க மாட்டாய். மனேஜரின் அறைக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு சொல்வது ஒன்று. அந்தக் கூடத்தில் சொல்வது வேறு. இந்தக் கடிதத்தை வீட்டுக்கு அனுப்பவில்லை. கந்தோருக்கு அனுப்புகிறேன். முன்பக்கத்தில் மிஸ் இன்பமலர் தம்பிராசா. பின்பக்கத்தில் என் பெயரும் விலாசமும். இது உன் கையில் சேர்ந்தால் நல்லது. அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று திரும்பி வந்தால், அதற்குப் பிறகு நான் எழுத மாட்டேன்.

அம்மாவுக்கு முத்தம்.

பேணாட்


திருகோணமலை,
12.4.1958

என் அன்பான அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். அம்மா சுகம்; உங்களுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னதும் கோயிலுக்கு மெழுகுதிரியோடு போய்விட்டார். அச்சகத்து மை தலையிடி தருமாம், யன்னல் பக்கமாக இருங்கள்.

பலகை நேற்று மாறியது. வர்ணம் பூசுகிறவன் இடம் போதாமல் தம்பிராசாவின் கடைசி எழுத்துக்களை நெருக்கிவிட்டான். பரவாயில்லை. மனேஜர் மூன்று நாளாக என்னோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. என் மேசைக்குப் பின்னால் வந்து நின்று, நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போகிறார். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் எழுதியதுபோலக் கவனமாகத்தான் இருக்கிறேன். ஆனால் என்னை அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு கப்டன்மார் என்னைத்தான் கேட்டு வந்தார்கள் என்பதை அவரும் கண்டார்.

உங்கள் கடிதம் வந்ததும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். திருநாள் கழிந்து திறந்த முதல் நாள். கூடம் நிறையச் சனம். எங்கள் பியோன் றஊப் நானா, இந்தத் துறைமுகத்தில் இருபது வருசம் வேலை செய்தவர், தபால்காரரிடம் கடிதக் கட்டை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒன்றில் நின்றார். "இன்பமலர் தம்பிராசா. அப்படி இஞ்ச ஒருத்தருமில்லையே. பிழையா வந்திட்டுப் போல" என்று சத்தமாகச் சொல்லித் தபால்காரரைத் திரும்பக் கூப்பிட்டார்.

இரத்தினசிங்கம் தன் அறைக் கதவில் நின்றார். என்னைத்தான் பார்த்தார். நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருப்பார் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

எழும்பினேன். "அது எனக்குத்தான், நானா. இன்பமலர் தம்பிராசா நான்தான்" என்றேன். றஊப் நானா கடிதத்தையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உறையைத் திருப்பி, "அனுப்பினது பேணாட் தம்பிராசா, கொட்டாஞ்சேனை" என்று வாசித்தார். அந்தப் பெயரைத் தெரிந்த நாலைந்து பேராவது அங்கே நின்றார்கள். எதிர்ப் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து தவராசாவும் படிக்கு வந்துவிட்டார்.

மனேஜர் இரண்டு அடி முன்னுக்கு வந்தார். எல்லாம் தெரிந்த மனிதர், ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார்:

"ஆர் அது, மிஸ் ஜோசப்?"

அண்ணா, அந்தக் கூடத்தின் கடைசி மூலைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்:

"என்ர சொந்த அண்ணன், சேர்."

உங்கள் தங்கச்சி,
இன்பமலர் தம்பிராசா